கல் மூங்கில் நடுவோர் கவனத்திற்கு

மூங்கில் மரமன்று, நெல், கரும்பு போலப் புல்லினமே. கல் மூங்கில் 'டென்ட்ரோகலாமஸ்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. முள் மூங்கிலைப் போல் இதற்கு முள் கிடையாது. வறண்ட நிலத்தில் கழி ஏறக்குறையக் கெட்டியாகவே இருக்கும். ஈரம் மிகுந்த இடத்தில் உள்ளே துளை விழும். வலுவான கழி வேண்டுவோர் வளமான நிலத்தைத் தேட வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் கிழங்கிலிருந்து கிளம்பும் குருத்து சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் உயரமோ பருமனோ கூடாது. கழி முற்றும், அவ்வளவே. மூன்று ஆண்டு நிறைந்த கழிகளையே வெட்டுதல் வேண்டும். இளங்கழிகளை வெட்டினால் அடுத்த குருத்துக்கு உணவு குறைந்து தூர் நலிந்துவிடும்.

விவசாயிகள் ஏமாறுவது பூப்பதில்தான். கல் மூங்கில் பெரும்பாலும் 25 முதல் 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்து, தூரோடு காய்ந்துவிடும். பழைய தூரிலிருந்து பெயர்த்த கிழங்கை நட்டால், அது தாயின் வயதையே கொண்டிருக்கும். தாய் பூக்கும்போது அதுவும் பூத்துப் பட்டுப்போகும்; நட்டு நாலே ஆண்டு ஆகியிருந்தாலும் சரி. பக்கத்துத் தோட்டத்தார் சும்மா தருகிறார் என்று வாங்கிவிட வேண்டாம். தூரின் வயதைக் கேளுங்கள். தெரியாவிட்டால் விதைக்கன்றே மேல். விதையின் முளைப்புத்திறன் நெடுநாள் நிற்காது. உதிர்ந்த பருவத்திலேயே நாற்றங்காலில் விதைத்துவிடவும்.