அடைத்த கடற்கரையும் அளந்த திறப்பும்

நோய் வந்தவிடத்து நகரத்தை அடைத்தல் எளிது. அடைத்த நகரத்தைத் திறத்தலே அரிது. அடைத்தற்கு ஓர் ஆணை போதும். திறத்தற்கோ படிகள் பல வேண்டும். அப்படிகளில் ஒவ்வொன்றாய் ஏறுங்காலத்து, வேலையிழந்தோர் எதனை உண்டு உயிர்வாழ்வர் என்னும் வினாவும் உடன் எழும். 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியகாலை, கடலையும் மணலையுமே நம்பி வாழ்ந்த ஒரு நகரம் இவ்வினாவிற்கு எவ்வாறு விடை கண்டது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அந்நகரம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே பிளாரிடா மாகாணத்திலுள்ள மயாமி பீச் என்பது.

முதற்கண் அந்நகரின் இயல்பினை அறிதல் வேண்டும். ஒருபால் அட்லாண்டிக் பெருங்கடலும், மற்றொருபால் பிஸ்கேன் விரிகுடாவும் சூழ, நீண்டு கிடக்கும் தீவு அது. அதனையும் மயாமி மாநகரையும் பாலங்களே இணைக்கின்றன. 1915-ஆம் ஆண்டில் அது தனி நகராட்சியாயிற்று. ஆர்ட் டெக்கோ என்னும் கட்டடப் பாணியில் எழுந்த விடுதிகள் நிறைந்த அதன் தென்பகுதி, 1979-ஆம் ஆண்டில் அந்நாட்டு வரலாற்றிடங்களின் பதிவேட்டில் இடம் பெற்றது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 83,000 பேர். அவர்க்கு வயலும் இல்லை, ஆலைகளும் இல்லை. வரும் விருந்தினரே அவர்தம் விளைச்சல். விடுதியறைக்கும் உணவிற்கும் விதிக்கும் வரியே நகராட்சிக்கும் பெரியதொரு வருவாய். வேனிற்கு முந்திய மார்ச்சு மாதமே, கல்லூரி மாணவர் விடுமுறைக்குத் திரண்டு வரும் அறுவடைக்காலம்.

அவ்வறுவடைக் காலத்திலேயே இடி விழுந்தது. 2020 மார்ச்சு மாதத்து மூன்றாம் வாரத்தில் கடற்கரை மூடப்பட்டது. 23-ஆம் நாளோடு விடுதிகளும் விருந்தினரை அனுப்பிவிட்டுக் கதவடைத்தன. பரிமாறுவோர், அறை துடைப்போர், சமைப்போர், வண்டி நிறுத்துவோர் ஆகிய பல்லோரும் ஒரு வாரத்திற்குள் வேலையிழந்தனர். இவருட் பலர் கூலியினும் மிகுதியாக இனாமையே நம்பி வாழ்ந்தவராதலின், விருந்தினர் இல்லையேல் அவர்க்கு வருவாயே இல்லை.

இனித் திறப்பின் முறையைக் காண்போம். மே மாதம் 4-ஆம் நாள் பிளாரிடாவின் பெரும்பகுதி முதற்படியில் ஏறிற்று. நோய் மிக்கிருந்த மயாமி-டேட் ஜில்லா அன்று விலக்கப்பட்டு, 18-ஆம் நாளே அப்படியினை எய்தியது. அந்நாளில் உணவுச்சாலைகள் பாதியளவு இருக்கைகளோடு திறக்கலாமென ஜில்லா இசைந்தும், மயாமி பீச் நகராட்சி விரையவில்லை. சில்லறைக் கடைகளையும் முடிதிருத்தும் நிலையங்களையும் 20-ஆம் நாளும், உணவுச்சாலைகளை 27-ஆம் நாளும் திறந்தது. விடுதிகள் ஜூன் 1-ஆம் நாள் திறந்தன. கடற்கரையும் அன்றே திறப்பதாயிருந்தது. ஆயின் ஜார்ஜ் பிளாய்டு என்பார் போலீசாரால் உயிரிழந்ததை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி மூள, அதனால் விதித்த ஊரடங்கினால் ஜூன் 10-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். காற்றோட்டமுள்ள வெளியில் இந்நோய் பரவுதல் குறைவு. அடைத்த அறையிலோ மிகுதி. அங்ஙனமாக, அறைக்குள் உண்ணும் இடத்தை முன்னும் திறந்த மணல்வெளியைப் பின்னும் திறந்தது என்னை? எமக்குத் தோன்றும் விடை இது: உணவுச்சாலைக்கு வாயில் உண்டு, இருக்கைகளை எண்ணலாம், ஆறடிக்கு ஒரு மேசையென இடலாம். கடற்கரைக்கு வாயிலும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதியோர் வாக்கு. அளக்கக்கூடியதை முன்னும் அளக்கவொண்ணாததைப் பின்னும் திறந்தனர். ஆயின் காற்றினை நோக்க இம்முறை பிழைபட்டதே. ஆட்சியாளர்க்கு எண்ணுதல் எளிதாயிருந்தது உண்மை. எளிதாய் எண்ணப்படுவதெல்லாம் தீங்கற்றதாகிவிடாது.

இதனை ஜூலை மாதம் மெய்ப்பித்தது. நோய் மீண்டும் பெருகவே, அந்நாட்டு விடுதலைத் திருநாளையொட்டிக் கடற்கரை சில நாட்கள் மூடப்பட்டது. இரண்டாம் வாரத்தில் உணவுச்சாலைகளின் உட்கூடங்கள் அடைபட்டு, ஆகஸ்டு 31-ஆம் நாள்வரை அவ்வாறே கிடந்தன. வெளியிலிட்ட மேசைகட்கு மட்டும் தடையில்லை. இவ்விடத்தே நகராட்சி முன்னரே செய்துவைத்த ஒரு செயல் பெரிதும் உதவிற்று. கடலை நோக்கிய ஓஷன் டிரைவ் என்னும் பெருந்தெருவில் வண்டிப் போக்குவரத்தை மே மாதத்திலேயே நிறுத்தி, மேசைகளைத் தெருவிலிட இடங்கொடுத்திருந்தது. பணமாக ஒரு காசும் கொடாமல், தெருவையே கொடுத்து வணிகரைக் காத்த உதவி இது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் வண்டிகள் அத்தெருவில் மீண்டும் ஓடின, அதுவும் ஒருதிசையாக.

இனிப் பொருளுதவியை நோக்குவோம். மார்ச்சு 27-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தினால் மத்திய அரசாங்கம் சிறு வணிகர்க்கெனச் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்து, 34,900 கோடி டாலர் ஒதுக்கிற்று. பாங்குகள் வாயிலாகக் கடன் கொடுக்கப்படும். அக்கடனில் முக்காற்பங்கினைத் தொழிலாளர் சம்பளத்திற்கும், எஞ்சியதை வாடகை முதலியவற்றிற்கும் எட்டு வாரத்திற்குள் செலவிட்டால் கடன் தள்ளுபடியாகும். கருத்து நன்று. ஆயின் ஏப்பிரல் 3-ஆம் நாள் தொடங்கிய உதவி 16-ஆம் நாளே தீர்ந்துபோயிற்று. பாங்கோடு முன்பே பழக்கமுடையோர் முந்திக்கொண்டனர். கணக்கரை வைத்துக்கொள்ள இயலாத சிறு கடைக்காரர் பிந்தினர். பல ஊர்களிற் கிளை பரப்பிய உணவு நிறுவனங்களும் சட்டத்தின் இசைவோடு கடன் பெற்றன. அவற்றுள் ஷேக் ஷாக் என்பது மக்களின் குறைகூறல் எழுந்தபின் தான் பெற்ற ஒரு கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது. ஏப்பிரல் 24-ஆம் நாள் ஏறத்தாழ 31,000 கோடி டாலர் மேலும் ஒதுக்கப்பட்டது.

பணத்தின் அளவினும் காலத்தின் அளவே பெருங்குறையாயிற்று என்பது எம் கருத்து. ஏப்பிரல் நடுவிற் கடன் பெற்ற ஒரு விடுதிக்காரர் ஜூன் நடுவிற்குள் அதனைச் செலவிடல் வேண்டும். விடுதி திறந்ததோ ஜூன் முதல் நாள். விருந்தினர் இல்லாத விடுதியில் வேலையாட்கட்குச் சம்பளங்கொடுத்து முடித்தபின், விருந்தினர் வருங்கால் கையிற் காசு இராது. இக்குறையை உணர்ந்தே ஜூன் 5-ஆம் நாள் எட்டு வாரத்தை 24 வாரமாக நீட்டிச் சம்பளப்பங்கை 60 விழுக்காடாகக் குறைத்தனர்.

தொழிலாளர் நிலையும் அத்தன்மையதே. பிளாரிடா மாகாணம் வேலையிழந்தோர்க்குக் கொடுத்த உதவி வாரத்திற்கு 275 டாலருக்கு மேற்படாது. மத்திய அரசாங்கம் அதன்மேல் 600 டாலர் கூட்டித் தந்தது. அக்கூட்டுத்தொகை ஜூலை இறுதியோடு நின்றது. உட்கூடங்கள் இரண்டாம் முறை அடைபட்டுக் கிடந்த நேரம் அது. பின்னர்ச் சில வாரங்கட்கு 300 டாலர் கிடைத்ததெனினும், கதவை மீண்டும் அடைத்த கை, உணவுத் தட்டினை மீண்டும் நீட்டத் தாமதித்தது என்றே கூறல் வேண்டும்.

உணவுச்சாலைகட்கெனவே தனித் திட்டம் ஒன்று 2021 மார்ச்சில்தான் பிறந்தது; அதற்கு ஒதுக்கியது 2,860 கோடி டாலர். 2,78,000-க்கு மேற்பட்டோர் 7,200 கோடி டாலருக்கு மேல் வேண்டி விண்ணப்பித்தனர். பெற்றோர் ஏறத்தாழ 1,01,000 பேரே. அம்மாதத்திலேயே மயாமி பீச்சில் மறுதலையானதொரு காட்சியும் தோன்றிற்று. மாகாணம் தடைகளை 2020 செப்டம்பரிலேயே நீக்கியிருந்தமையின் விடுமுறைக் கூட்டம் வெள்ளமாய்ப் புகுந்தது. அதனைத் தாங்கமாட்டாமல் நகராட்சி மார்ச்சு 20-ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவித்து, கேளிக்கைப் பகுதியில் இரவு எட்டு மணி முதல் ஊரடங்கு விதித்தது. வருவார் இன்றி வாடிய நகரம், ஓராண்டிற்குள் வருவார் மிகுதியால் தடுமாறிற்று.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. திறப்பு அளவோடு நிகழவேண்டும். அவ்வளவு இருக்கைகளின் எண்ணிக்கையை மட்டுமன்றிக் காற்றையும் நோக்கியதாதல் வேண்டும். படி ஏறுதற்கு வகுத்த விதியே, இறங்குதற்கும் முன்னரே வகுக்கப்படல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, உதவியின் காலமும் அடைப்பின் காலமும் ஒத்திருத்தல் வேண்டும். உதவி நாட்காட்டியை நோக்கி முடிவதும், அடைப்பு நோயை நோக்கி நீள்வதுமாயின், இடையில் அகப்படுவோன் இனாமை நம்பிய ஏழைப் பரிமாறுவோனே. பொதுநலம் கருதி ஒருவன் தொழிலை நிறுத்தும் அரசு, அது நின்ற நாளெல்லாம் அவன் அடுப்பு எரிதற்கும் கடமைப்பட்டது.