வேடங்களின் மாநகரம்: அட்லாண்டாவின் டிராகன் கான் காணச் செல்வோருக்கு

அமெரிக்காவின் தென்கிழக்கே, ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டாவில், செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையன்று வரும் தொழிலாளர் தினத்தை இறுதி நாளாகக் கொண்டு, முந்திய வியாழக்கிழமை முதல் ஐந்து நாட்கள் ‘டிராகன் கான்’ என்னும் மாபெரும் ரசிகர் மாநாடு கூடுகிறது. 1987-இல் தொடங்கிய இம்மாநாட்டுக்கு இப்போது ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர் வருகிறார்கள். விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை, சித்திரக்கதை, திரைப்படம், அனிமே, கணினி விளையாட்டு ஆகிய யாவற்றுக்கும் இங்கே தனித்தனி அரங்கங்கள் உண்டு. புகழ்பெற்ற நடிகர்களும் எழுத்தாளர்களும் பேசுவதுண்டு. ஆயினும் இம்மாநாட்டின் உயிர்நாடி, தாங்கள் நேசிக்கும் பாத்திரங்களின் வேடம் பூண்டு வருகிற சாமானிய ஜனங்களே. ஆகையால் அரங்கத்துக்கு அரங்கம் ஓடியே பொழுதைச் செலவழித்துவிடாமல், நாளில் பாதியையேனும் ‘காஸ்பிளே’ எனப்படும் இந்த வேடக் கலையைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

போக்கும் தங்கலும்

அட்லாண்டா விமான நிலையத்துக்குள்ளேயே ‘மார்ட்டா’ ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறி, ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் பீச்ட்ரீ சென்டர் நிலையத்தில் இறங்கி, பூமியின் ஆழத்திலிருந்து மேலேறும் மிக நீண்ட நகரும் படிக்கட்டைக் கடந்தால், மாநாட்டின் நடுவிலேயே நிற்பீர்கள். ஹயாத், மேரியட், ஹில்டன், முன்பு ஷெரட்டன் என வழங்கிய கோர்ட்லண்ட் கிராண்ட், வெஸ்டின் ஆகிய ஐந்து ஹோட்டல்களில் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் முதல் மூன்றும் தெருவுக்கு மேலே அமைந்த மூடிய பாலங்களால் இணைக்கப்பட்டிருப்பதால், வெயிலில் இறங்காமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். இந்த ஹோட்டல்களின் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மார்ட்டா ரயில் பாதையை ஒட்டிய வேறொரு பகுதியில் அறை எடுத்துக்கொண்டால் சௌகரியத்துக்குக் குறைவில்லை. நுழைவு பேட்ஜைக் காலம் தாழ்த்தாமல் வாங்கிவிடுவது நல்லது. மாநாடு நெருங்க நெருங்க விலை ஏறுவதே வழக்கம்.

சனிக்கிழமை ஊர்வலம்

சனிக்கிழமை காலை பீச்ட்ரீ தெருவில் நடைபெறும் ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். பேட்ஜ் இல்லாதவர்களும் இதைத் தெருவோரத்தில் நின்று இலவசமாகக் காணலாம் என்பதால், உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு திரள் திரளாக வந்துவிடுகின்றன. முன்வரிசையில் நிற்க விரும்புவோர், தொடங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே சென்று, கட்டிடங்களின் நிழல் விழும் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் வெண்கவச வீரர்களாக அணிவகுத்து வரும் 501-ஆம் லீஜியனைச் சேர்ந்தவர்களை அங்கே காண்பீர்கள். 1997-இல் தோன்றிய இச்சங்கத்தினர், அதே கவசத்துடன் நோயுற்ற குழந்தைகளைக் காண மருத்துவமனைகளுக்குச் செல்வதையும் தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டுவதையும் தங்கள் கடமையாகக் கொண்டவர்கள்.

இரவில் மேரியட்

வேடங்களின் முழுச் சிறப்பையும் காண இரவு எட்டு மணிக்குமேல் மேரியட் மார்க்கீஸ் ஹோட்டலுக்குப் போகவேண்டும். ஜான் போர்ட்மன் என்னும் கட்டிடச் சிற்பி வகுத்து 1985-இல் திறக்கப்பட்ட அக்கட்டிடத்தின் நடுவே, 47 மாடிகளும் சூழ்ந்து நிற்க, ஏறத்தாழ 470 அடி உயரத்துக்கு ஒரு வெட்டவெளி எழும்பி நிற்கிறது. கீழ்த்தளங்களின் கைப்பிடிச் சுவரோரம் நின்றால், அந்த வெளியில் தேவதைகளும் அரக்கர்களும் விண்வெளி வீரர்களும் நள்ளிரவு தாண்டியும் உலவிக்கொண்டிருப்பதைக் காணலாம். லிப்டுக்கு நிற்கும் கூட்டம் மிகப் பெரிது என்பதால், இரண்டொரு தளம் மாத்திரம் ஏறி இறங்குவோர் படிகளையே நம்புவது உத்தமம். இந்த ஹோட்டலின் பழைய தரைவிரிப்பில் இருந்த வினோதமான வண்ணக் கோலத்தை 2013-இல் ரசிகர்கள் சிலர் அப்படியே துணியில் அச்சிட்டு, தரையோடு தரையாக மறையும் போர்வீரர் உடையாக அணிந்து வந்தார்கள். அந்த விரிப்பு பின்னர் மாற்றப்பட்டுவிட்டது; ஆனால் அதன் கோலத்தை இன்றும் உடையாகவும் பையாகவும் காணலாம்.

அருகில் சென்று ரசிக்கும் முறை

வேடம் பூண்டு மாநாட்டுக்கு வரும் வழக்கம் பழையது. 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு, ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்னும் ரசிகர் இருவர் வருங்கால மனிதரின் உடையணிந்து வந்தார்கள். இருவருடைய உடையையும் டக்ளஸ் அம்மையாரே தைத்தார். சொந்தக் கையால் செய்யும் அந்தச் சிரத்தையே இன்றும் இக்கலையின் பெருமை. தூரத்தில் இரும்பாகத் தோன்றும் ஒரு மார்புக் கவசத்தை அருகில் சென்று கவனியுங்கள். கத்தியால் அறுத்து, சூடான காற்றால் வளைத்து, பசையால் ஒட்டிய நுரைத் தகடு அது. கறுப்பு வர்ணத்தின்மேல் விளிம்புகளில் மாத்திரம் வெள்ளிப் பூச்சைத் தேய்த்து, இடுக்குகளில் பழுப்பு நீரை ஓடவிட்டுத் துருவை வரவழைத்திருப்பார்கள். “இதை நீங்களே செய்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எத்தனை மாதம் எந்த மேஜையில் அமர்ந்து செய்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

புகைப்படம் எடுக்குமுன் அனுமதி கேட்பது இங்கே கட்டாயமான மரியாதை. குழந்தையானால் பெற்றோரைக் கேளுங்கள். உடை எத்தகையதாயினும் அது அணிந்தவரைத் தீண்டுவதற்கு உரிமை தராது. சிறகையும் வாலையும் ஆயுதத்தையும்கூடத் தொடலாகாது. முகமூடியைக் கழற்றி உண்பவரையும் இளைப்பாறுபவரையும் விட்டுவிடுங்கள். பாலங்களின் நடுவில் நின்று படம் பிடித்தால் பின்னே வரும் ஜனத்திரள் தடைப்படும். சுவரோரம் ஒதுங்கி எடுங்கள்.

உடலைப் பேணுதல்

மாநாடு கூடும் நாட்களில் அட்லாண்டாவில் புழுக்கமான கோடைகாலம். ஹோட்டல்களுக்குள்ளோ குளிர்சாதனம் நடுங்க வைக்கும். ஆதலின் தண்ணீர்க் குப்பியும் ஒரு மெல்லிய மேலாடையும் எப்பொழுதும் கையோடு இருக்கட்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி உறக்கம், இரண்டு வேளை உணவு, ஒரு குளியல் என்பது மாநாட்டு அன்பர்களிடையே வழங்கிவரும் குறைந்தபட்ச விதி. அதற்குக் கீழே இறங்காதீர்கள். பழகிய காலணியை அணியுங்கள். பீச்ட்ரீ சென்டர் உணவுக் கூடத்தில் நண்பகலில் கூட்டம் அதிகமாதலால், பதினொரு மணிக்கே உண்டுவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

வேடம் புனைய உங்களுக்கும் ஆசை பிறந்தால் தயங்க வேண்டாம். ஆயுதங்கள் பற்றிய விதிகளைப் புறப்படுமுன் படித்துவிட்டு, நடக்கவும் உட்காரவும் தடையில்லாத எளிய உடையொன்றை நீங்களே தைத்து, முதல் நாள் அணிந்து பாருங்கள். தைப்பதில் உள்ள சிரமத்தை ஒருமுறை அறிந்தவர்கள், பிறர் வேடத்தை இரு மடங்கு ரசிப்பார்கள்.