கடதாசிக் கைப்பணி: சில்லு வெட்டியால் நேராக வெட்டுதல்

வாழ்த்து மட்டை, கடித உறை, அன்பளிப்புப் பெட்டி ஆகியவற்றைச் செய்து விற்கும் சகோதரிகள் பலர் நம்மிடம் ஒரே முறைப்பாட்டைச் சொல்வதுண்டு. படம் நன்றாயிருக்கிறது, ஒட்டியதும் சரி, ஆனால் கடைக்காரர் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்பதே அது. கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? ஐம்பது மட்டையையும் ஒன்றாகச் சேர்த்து, மேசையில் நிமிர்த்தி, இரண்டு தட்டுத் தட்டுகிறார். தனி மட்டையில் கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீற்றர் பிழை கட்டில் படிக்கட்டுப்போல் தெரிந்துவிடும். எனவே இப்பாடத்தில் படத்தையும் நிறத்தையும் விட்டுவிட்டு விளிம்பை மட்டும் பார்ப்போம்.

வெட்டும் கருவி இங்கே றோட்டரி ட்றிமர் எனக் கடைகளில் விற்கப்படுவது. நாம் அதைச் சில்லு வெட்டி என்போம். ஒரு பலகை, அதன் குறுக்கே ஒரு தண்டு, தண்டில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலை, தலைக்குள் வட்டமான அலகு. தலையை அழுத்தித் தள்ளும்போது அலகு சில்லுப்போல் உருண்டு கடதாசியை வெட்டும். சிலவற்றில் அலகு கீழேயுள்ள உருக்கு விளிம்போடு உரசி வெட்டும். விலை குறைந்தவற்றில் பிளாஸ்ரிக் பட்டியொன்றின் மேல் உருண்டு வெட்டும். கையில் பிடித்து உருட்டும் சில்லுக் கத்தியும் உண்டு. அதை யப்பானிய நிறுவனமான ஒல்ஃபா 1979இல் முதலில் துணி வெட்டுவதற்காக வெளியிட்டது. அதற்கு உருக்கு அடிமட்டமும் வெட்டு விரிப்பும் தனியாக வேண்டும்.

ஆனால் எல்லோரும் இதை வாங்க ஓடவேண்டாம். மாதத்துக்கு இருபது மட்டை செய்யும் குடும்பத்துக்கு உருக்கு அடிமட்டமும் கூரான கத்தியும் போதும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, கையில் ஓடர் இருக்கும்போது, பொதுவில் ஒன்று வாங்குவதே புத்தி. வாங்கும் அன்றே மாற்று அலகு எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பாக வந்த இயந்திரங்கள் மாற்று அலகு இல்லாமல் மூலையில் கிடப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம்.

வெட்டுமுன் கணக்கு

ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர் அகலமும் 29.7 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. விரித்த நிலையில் 15க்கு 20 அளவான மட்டை செய்ய நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் இரண்டு வரும் என்று மனம் சொல்லும். ஆனால் இரண்டுக்கு 30 சென்ரிமீற்றர் வேண்டும், தாளிலோ 29.7தான் உண்டு. மூன்று மில்லிமீற்றர் குறைவதால் ஒரு தாளில் ஒரு மட்டைதான். நூறு தாளில் நூறு மட்டை, மீதி குப்பை. அதே மட்டையை 14.5க்கு 20.5 ஆக வைத்தால் நூறு தாளில் இருநூறு மட்டை வரும். விளிம்பைச் சீர்செய்யவும் நீளப்பக்கத்தில் 7 மில்லிமீற்றர் மிஞ்சும். வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. உங்கள் முதலில் பாதி அதில்தான் நிற்கிறது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். கடதாசி எப்போதும் மலிவாய்க் கிடைக்கும் பொருளன்று.

முதல் விளிம்பு

கடையிலிருந்து வரும் தாளின் நான்கு மூலைகளும் மூலைமட்டமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பெரிய பிறிஸ்டல் போட்டிலிருந்து வெட்டித் தந்த துண்டுகளில் கோணல் சாதாரணம். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மேசன்மார் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்து மூலை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு தாளுக்கும் பொருந்தும். மூலையிலிருந்து ஒரு விளிம்பில் 12 சென்ரிமீற்றர், மற்ற விளிம்பில் 16 சென்ரிமீற்றர் குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடையில் சரியாக 20 இருந்தால் மூலை சரி. கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

இயந்திரத்தையும் சோதிக்கவேண்டும். பலகையின் ஓரத்தில், தாளின் விளிம்பை ஒட்டிவைப்பதற்கு, ஒரு சட்டம் சற்று உயர்ந்து நிற்கும். பழைய தாளொன்றை அதில் நன்றாக ஒட்டவைத்து நடுவால் வெட்டுங்கள். இரண்டு துண்டுகளில் ஒன்றைப் பின்பக்கம் மேலே வரப் புரட்டி மற்றதன்மேல் வையுங்கள். சட்டத்தைத் தொட்டிருந்த விளிம்புகளும் வெட்டிய விளிம்புகளும் ஒரே பக்கங்களில் சேரவேண்டும். வெட்டிய விளிம்புகள் இரண்டும் முழு நீளத்துக்கும் பொருந்தினால் சட்டம் மூலைமட்டம். ஒரு முனையில் பொருந்தி மறுமுனையில் இரண்டு மில்லிமீற்றர் விலகினால் உண்மையான பிழை ஒரு மில்லிமீற்றர், ஏனெனில் புரட்டும்போது பிழை இரட்டிப்பாகும். சட்டத்தைச் சரிசெய்ய ஆணி இருந்தால் தளர்த்தித் திருத்துங்கள். இல்லாவிட்டால் தடித்த மட்டைப் பட்டியொன்றைச் சரியான மூலைமட்டத்தில் பலகைமேல் ஒட்டிப் புதுச் சட்டமாக்குங்கள்.

இனி ஒவ்வொரு தாளிலும் முதலில் ஒரு விளிம்பை மெல்லிதாகச் சீவி எடுங்கள், ஒரு மில்லிமீற்றர் போதும். மற்ற எல்லா அளவும் அந்த விளிம்பிலிருந்தே தொடங்கவேண்டும். மிளகாய்க் கன்று நடும்போது முதல் வரிசைக்குக் கயிறு பிடித்துவிட்டு மற்ற வரிசைகளை அதிலிருந்தே அளப்பதுபோல. அளவைத் தாளுக்குத் தாள் பென்சிலால் குறிக்கவேண்டாம். குறித்தால் ஒவ்வொன்றும் மயிரிழை வேறுபடும். வேண்டிய தூரத்தில் ஒரு மட்டைத் துண்டைப் பலகையில் ஒட்டிவிட்டு, தாளை அதில் முட்டவைத்து வெட்டினால் ஐம்பதும் ஒரே அளவாய் வரும்.

எத்தனை தாள்?

அவசரம் கெடுப்பது இந்த இடத்தில்தான். இயந்திரத்தில் பத்துத் தாள் என்று எழுதியிருந்தால் அது சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள சாதாரண தாளைக் குறிக்கும். பத்துத் தாள் சேர்ந்தால் 800. 250 கிராம் மட்டையானால் மூன்றுக்குமேல் போகாது. துப்புரவான விளிம்பு வேண்டுமானால் நாம் ஒன்றுதான் வைப்போம். மட்டையின் நிறை தெரியாவிட்டால் ஏ4 அளவில் 16 துண்டுகளைக் கடைத் தராசில் போட்டு நிறுங்கள். 16 ஏ4 தாள் சேர்ந்தது ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர். ஆகவே தராசு காட்டும் கிராமே அந்த மட்டையின் எண்.

வெட்டும்போது இடக்கையால் தாளை அழுத்திப் பிடியுங்கள், விரல்கள் தண்டுக்கு அப்பால் நிற்கட்டும். தலையைத் தாளுக்கு வெளியே தொடக்கி, ஒரே சீராக, தாளைக் கடந்து வெளியே போகும்வரை தள்ளுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பல் விழும். தடித்த மட்டைக்கு ஒருமுறை பலமாக அழுத்துவதிலும் இரண்டு முறை மெதுவாக, தாளை அசைக்காமல், ஒரே திசையில் ஓட்டுவது நல்லது. வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும் துண்டை இழுக்கக் கூடாது. கடைசி அங்குலம் கிழிவது பெரும்பாலும் அதனால்தான்.

நார் ஓடும் திசை

வாழைச்சேனைக் கடதாசி ஆலை முன்னர் வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது நம்மில் முதியவர்களுக்கு நினைவிருக்கும். வைக்கோலானாலும் மரமானாலும் கடதாசி என்பது நார்தான். ஆலையில் ஓடும்போது அந்த நாரில் பெரும்பகுதி ஒரு திசையில் படுத்துக்கொள்ளும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும் பக்கத்தில் மடிப்பு நாரின் போக்கில் விழும். மட்டையின் மடிப்பு அந்தப் போக்கில் வரும்படி வெட்டத் திட்டமிடுங்கள். எதிராக மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும், வெட்டு எவ்வளவு நேராக இருந்தாலும் பயனில்லை. மேலே சொன்ன கணக்கில் இரு மட்டைகளும் ஏ4 தாளின் குறுக்கே கிடக்கின்றன. ஆகவே மடிப்பு தாளின் நீளப்பக்கத்துக்கு இணையாக வரும். நாரும் நீளவாக்கில் ஓடும் மட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

விளிம்பு சொல்லும் குறை

விளிம்பில் பஞ்சுபோல் நார் நின்றால் அலகு மழுங்கியிருக்கும் அல்லது கீழ்ப்பட்டியில் பள்ளம் விழுந்திருக்கும். முதலில் பட்டியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம் அது. எப்போதும் பலகையின் ஒரே இடத்தில் வெட்டுப்படாவிட்டால் பட்டியில்தான் குற்றம். வெட்டாத புள்ளி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அலகில் ஓர் இடத்தில் பல் உடைந்திருக்கிறது. 28 மில்லிமீற்றர் அலகு ஒருமுறை சுற்ற 88 மில்லிமீற்றர் ஓடும், 45 மில்லிமீற்றர் அலகு 141 ஓடும். அடிமட்டத்தால் இடைவெளியை அளந்து பார்த்தால் சந்தேகம் தீரும். வெட்டு வில்லாக வளைந்தால் தாள் நழுவியிருக்கிறது, தாளைக் குறையுங்கள்.

பசை காயாத தாளையும் மினுக்கத் தூள் ஒட்டியதையும் கம்பிக் கிளிப் உள்ளதையும் இதில் வெட்டவேண்டாம். அலகில் பசை பிடித்தால் துணியில் சிறிது சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் போட்டால் அடுத்த பத்து மட்டையிலும் கறை இருக்கும்.

நத்தார், பொங்கல் மட்டைகளுக்கு வேலை நடப்பது மாரி மழையில். ஈரக் காற்றில் தாள் நாருக்குக் குறுக்காக ஊதும், விளிம்பும் மென்மையாகிப் பிய்யும். நெல்லைப்போலவே கடதாசியையும் நிலத்தில் வைக்காமல், பொலித்தீனில் சுற்றி, பலகைமேல் தட்டையாக அடுக்குங்கள். ஒரு மட்டைக்குரிய எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் வெட்டி முடியுங்கள்.

ஒரே அறையில் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கும் வீடுகளில் இக்கருவியை நிலத்தில் விட்டு எழும்பவே கூடாது. குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்து, வேலை முடிந்ததும் தலையைப் பூட்டி உயரத்தில் வைக்கட்டும். கழற்றிய அலகை மட்டையில் மடித்து ஒட்டி, மூடியுள்ள பால்மா ரின்னில் போட்டுவையுங்கள். ரின் நிறைந்ததும் மூடியை ஒட்டி, வெளியே "அலகு" என்று எழுதி, குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள்.