பழகிப்போன நினைவும் அதற்கு மாற்றும்



“நமக்கு எங்கே சாமி நல்லது நடக்கப்போகிறது?” இந்தப் பேச்சை ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது வாரம் தவறாமல் கேட்கிறேன். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை இங்கே எழுதுகிறேனென்று யாரும் பயப்பட வேண்டாம்.) சொல்லுகிறவருக்குப் புதிதாய் ஏதேனும் துன்பம் நேரிட்டதோ என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. நாக்குக்கு முன்னே மனதுக்குப் பழகிவிட்டது. தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு பிள்ளையும் இதைக் கேட்டு நிற்கிறதே, அதுதான் என் கவலை.

ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் குணம் உண்டாகிறதென்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் படிப்பித்தார். புண்ணியமும் அப்படியே வேர்விடும், துர்க்குணமும் அப்படியே. இக்காலத்து மூளை சாஸ்திரிகள் சொல்லுவதும் இதற்குத் தூரமில்லை. வயலில் பலபேர் நடந்த இடத்தில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுகிறதல்லவா? அதுபோல் அடிக்கடி வரும் நினைவுக்கு மூளையிலே தடம் விழுகிறது. வயது வந்தவர்களுக்கும் புதுத் தடம் விழக்கூடுமென்பது இப்போது தெளிவாயிருக்கிறது.

ஆனால் கெட்ட நினைவை வெறுமனே துரத்தப் பார்த்தால் அது போகாது. டானியேல் வெக்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களிடம், “வெள்ளைக் கரடியை நினையாதிருங்கள்; நினைவு வந்தால் மணியை அடியுங்கள்” என்று சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டேயிருந்தது! அர்ச். மத்தேயு சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு பெருக்கிச் சுத்தமாயிருந்தது, ஆனால் காலியாயிருந்தது. போன அசுத்த அரூபி இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. வீட்டிலே நல்லவர் குடியிருக்கவேண்டும்.

அர்ச். இஞ்ஞாசியார் இதைத் தம் சொந்த அனுபவத்திலே கற்றார். 1521-ல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவில் படுக்கையாய்க் கிடந்தார். போர்ச் சேவகப் பெருமைகளை நினைத்தால் அப்போதைக்கு இனிக்கும், பின்பு மனம் வறண்டுவிடும். அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் வாழ்வதை நினைத்தால் பின்பும் சந்தோஷம் தங்கும். இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். மறுவருடம் மன்ரேசாவிலோ கடும் மனச்சோதனை. எத்தனை தரம் பாவசங்கீர்த்தனம் செய்தும் ஏதோ விட்டுப்போயிற்றென்ற எண்ணம் விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரைக்கும் அது அவரைக் கொண்டுபோயிற்று. முடிவில், பழைய பாவங்களை இனித் திரும்ப எடுப்பதில்லையென்று தீர்மானித்தபோதுதான் விடுதலை பெற்றார்.

அவர் எழுதி 1548-ல் பாப்பானவர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த ஞானப்பயிற்சிப் புத்தகத்தில் தனி ஆத்தும சோதனை என்ற முறையொன்று உண்டு. ஒரேயொரு குறையைத் தெரிந்துகொள்வது. காலையில் எழுந்ததும் அதை நினைத்துத் தீர்மானம் செய்வது. மதிய போஜனத்துக்குப் பின் ஒருதரம், இரவு போஜனத்துக்குப் பின் ஒருதரம், எத்தனை தடவை தவறினோமென்று மணிக்கு மணி எண்ணிக் கோட்டின்மேல் புள்ளி வைப்பது. தவறின அந்த நிமிஷமே மார்பில் கை வைத்து மனஸ்தாபப்படுவது. பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒத்துப்பார்ப்பது. அவ்வளவே. கடைக்காரர் கணக்கு எழுதுவது போலத்தான்!

மாற்று நினைவு உண்மையாயிருக்கவேண்டும். விளைச்சல் பொய்த்தவனிடம் “எல்லாம் நன்றாயிருக்கிறது” என்பது ஆறுதலல்ல, பொய். “இந்த வருஷம் போயிற்று, ஆனால் இன்றைய கஞ்சிக்குச் சர்வேசுரன் கொடுத்தார், அண்ணன் உதவிக்கு வந்தான்” என்பது மெய். பிள்ளையை “நீ உருப்படமாட்டாய்” என்கிற தாய், “இன்று கணக்கில் தவறினாய், நாளைக்கு உட்கார்ந்து போடுவோம்” என்று சொல்லிப் பழகட்டும்.

எத்தனை நாள் பிடிக்கும்? லண்டன் பட்டணத்தில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சான ஆராய்ச்சியில், தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது போன்ற பழக்கம் ஊன்றச் சராசரி 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் தவறினதால் பெரிய நஷ்டமில்லையாம்.

ஒன்று சொல்லவேண்டும். வாரக்கணக்காய்த் தூக்கமும் பசியும் போய், வாழவே மனமில்லாதிருப்பவருக்குப் புள்ளி வைத்தால் போதாது. அது வியாதி, விசுவாசக் குறைவல்ல. அப்படிப்பட்டவரைப் பரிகாசம் செய்யாமல், தனியே விடாமல், உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வழிதெரியாவிட்டால் எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டலாம்.

கோடிட்ட தாள்களை உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு மாத்திரம். பிள்ளைகளின் புள்ளியைப் பெற்றோர் எண்ணத் தொடங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.