படத்தில் சுருங்கிப்போன ராஜகிரி

அவலூர்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “செஞ்சி மலைகளை செல்போனில் படமெடுத்து, அதைப் பார்த்து வாட்டர்கலரில் வரைகிறேன். கோடு பிசகாமல் வருகிறது. ஆனாலும் மலை மலையாக இல்லை. என்ன செய்யலாம்?”

பிசகாமல் வருவதால்தான் இந்தச் சிக்கல். செல்போன் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பக்கத்துக் கல்லைப் பெரிதாக்கித் தூரத்து மலையைச் சிறுத்துவிடும். நேரில் நீங்கள் அண்ணாந்து பார்த்த ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். படத்திலோ கட்டைவிரல் அளவு. தாளில் மலையைக் கால் பங்காவது கூட்டிப் போடுங்கள். முன்னால் நிற்கும் மின்கம்பத்தையும் வேலியையும் விட்டுவிடலாம்.

அடுத்தது வானம். பாறை தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துப்போகும். இது பழைய தொல்லை. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், ராயக்கோட்டை என்று சுற்றிய லின்னேயஸ் டிரைப்புக்கும் இருந்தது. அன்றைய ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அச்சில் வானம் மொட்டையாக நிற்கும். அவர் காகித நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் தீட்டினார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். படத்தில் இல்லாத வானத்தை நீங்களும் வைக்கலாம். வெயில் எந்தப் பக்கம் என்பது மட்டும் மாறக்கூடாது.

இனி சொல்வதைத் தவறாமல் செய்யுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்றே சாயலில், தபால் அட்டை அளவில் பென்சிலால் ஒரு மாதிரி போடுங்கள். பிறகு செல்போனை உள்ளே வைத்துவிட்டு, அந்த மாதிரியை மட்டும் பார்த்து வரையுங்கள். படம் கண்ணெதிரே இருக்கும்வரை கை அதையே நகலெடுக்கும்.

செஞ்சிப் பாறைகள் உருண்டு திரண்டு அடுக்கடுக்காக நிற்பதற்குக் காரணம் உண்டு. கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகளை முதலில் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு பாறையாக வரையாமல், அந்த வெடிப்புகள் ஓடும் திசையைப் பிடியுங்கள். குன்றின் கட்டு தானே வரும். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் போதும்: வெயில் பக்கம் சியன்னா தூக்கல், நிழல் பக்கம் நீலம் தூக்கல். கேமரா நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும். நேரில் பார்த்தால் தரையின் செம்மை நிழலுக்குள் ஏறியிருக்கும். அதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து தீட்டுங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள், பாறை தட்டையாகத் தெரியும்.

படம் உங்களுடையது என்பதால் உரிமைப் பிரச்சினை இல்லை. அடுத்தவர் எடுத்தது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இணையத்தில் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், புகைப்படத்துக்கு அதை எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. டிரைப்பின் படங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பயிற்சிக்கு அவருடைய ராயக்கோட்டைப் படங்களையும் எடுத்துக்கொள்ளலாம்.