அயல்நாட்டுப் படிப்பும் கடைக் கணக்கும்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் ஈப்போவிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள நம் வியாபாரச் சகோதரர்கள் சிலர், மகனையோ மகளையோ சீமைக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ படிக்க அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்கத் தொடங்குவது வழக்கம். ஏஜெண்டு ஒரு தாளை நீட்டுவார். அதில் முதல் வருஷத்துச் சம்பளம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். சரக்கின் விலையைச் சொல்லிக் கப்பல் கூலியையும் சுங்கத்தையும் சொல்லாத வியாபாரியை நாம் நம்புவோமா? ஆகவே இவ்விஷயத்தைக் கடைக்காரர் கண்ணோடு சற்று ஆராய்வோம்.

முதலில் அறிய வேண்டியது, இது வேறு நாட்டுப் பணத்தில் கொடுக்க வேண்டிய கடன் என்பது. நம் வரவோ வெள்ளியில் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதை 1997-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு நடுவில் ஓர் அமெரிக்க டாலரை ஏறக்குறைய 2 வெள்ளி 50 காசுக்கு வாங்கலாம். 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 80 காசையும் தாண்டிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று கட்டி வைத்தது. அக்கட்டு 2005 ஜூலை வரை நீடித்தது. பத்தாயிரம் டாலர் சம்பளத்துக்கு 25,000 வெள்ளி ஒதுக்கிய தகப்பனார், விலை கட்டி வைக்கப்பட்ட பின்னும் 38,000 கொடுக்க வேண்டியதாயிற்று. கல்லூரி ஒரு காசும் ஏற்றவில்லை. பிள்ளையும் வீண் செலவு செய்யவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் அக்காலத்தில் உண்டு.

அந்த நெருக்கடியால் ஒரு நன்மையும் விளைந்தது. வெளிநாட்டுப் பட்டத்தை மூன்று வருஷமும் இங்கேயே இருந்து படித்துப் பெறும் முறைக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. மொனாஷ் 1998-லும், நாட்டிங்காம் 2000-லும் இந்நாட்டிலேயே கிளை திறந்தன. அங்கே சம்பளத்தை வெள்ளியில் கட்டலாம். பட்டம்தான் குறி என்றால் இவ்வழியை முதலில் பார்ப்பது புத்தி. முதல் வருஷங்களை இங்கு படித்துக் கடைசி வருஷத்துக்கு மட்டும் அனுப்புவதும் உண்டு. ஊர் பார்க்கும் ஆசைக்காக மூன்று வருஷச் செலவை ஏற்பது நமக்குச் சம்மதமில்லை.

அனுப்புவதே முடிவானால் செலவை அந்நாட்டுப் பணத்திலேயே எழுத வேண்டும். பிரிட்டனை எடுத்துக் கொள்வோம். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் கையில் சாப்பாடு, தங்குமிடச் செலவுக்காக மாதத்துக்கு இவ்வளவு பணம், ஒன்பது மாதத்துக்கு இருக்க வேண்டும் என்று விசாச் சட்டம் சொல்கிறது. அத்தொகை 1,023 பவுனாக இருந்து 2025 ஜனவரியில் 1,136 ஆகவும், அதே ஆண்டு நவம்பரில் 1,171 ஆகவும் உயர்ந்தது. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுன். சம்பளம் வேறு. வைத்திய வரி என்று வருஷத்துக்கு 776 பவுன் 2024 பிப்ரவரி முதல் வாங்குகிறார்கள். அதையும் படிப்புக் காலம் முழுவதற்கும் விசா மனுவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கே 2,328 பவுன்! ஏஜெண்டின் தாளில் இது பெரும்பாலும் அடியில், சிறிய எழுத்தில் இருக்கும்.

அப்பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதும் விதி. மலேசியர் பணச் சான்றை மனுவோடு இணைக்க வேண்டியதில்லை என்ற சலுகை உண்டு. கேட்டால் காட்டியே ஆக வேண்டும். உறவினரிடம் கைமாற்று வாங்கி வங்கியில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. அது விதியை ஏமாற்றுவது என்பது ஒருபுறமிருக்க, பிள்ளை அங்கே எதைச் சாப்பிடும்? ஆஸ்திரேலியாவிலும் இந்தத் தொகை 2024 மே மாதம் 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது.

இனி வெள்ளிக்கு மாற்றும் கணக்கு. உதாரணத்துக்கு, எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 25,000 பவுன் என்று வைப்போம். பவுன் 5 வெள்ளி 50 காசு விற்றால் 1,37,500 வெள்ளி. அதுவே 6 வெள்ளி 25 காசானால் 1,56,250. மூன்று வருஷத்தில் வித்தியாசம் 56,250 வெள்ளி. ஒரு சிறு கடையின் சரக்கு முதலே போய்விடும். ஆதலால் இன்றைய விலையில் கணக்குப் போடாமல், அதைவிட ஏழில் ஒரு பங்கு கூட்டிப் போடுக. இரண்டாம், மூன்றாம் வருஷச் சம்பளத்தையும் சற்று ஏற்றியே எழுதுக. பிள்ளை நான்காம் பாரம் படிக்கும்போதே மாதந்தோறும் சிறிது சிறிதாக அந்நாட்டுப் பணம் சேர்த்து வருவது நல்லது. நாணய மாற்றுக் கடை நடத்தும் நம்மவர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வரவுப் பக்கத்தில் எதை எழுதுவது? பெருநாள் மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கடை வைத்திருந்த நம் முன்னோர் அப்படிச் செய்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நிற்கும். மரம் இலையுதிர்த்தால் பால் குறையும். சம்பள நாளில் கணக்குப் புத்தகத்துக் கடன் வசூலாகாது. அந்த மெலிந்த மாதங்களை வைத்தே அவர்கள் சரக்குப் பிடித்தார்கள். தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன, கணக்கு மாறவில்லை. மெலிந்த மாதத்தில் வீட்டுச் செலவும் ஆள் கூலியும் போக மிஞ்சுவது எதுவோ, அதுவே படிப்புக்கு உரிய வரவு. பகுதிநேர வேலை செய்து பிள்ளை சம்பாதித்துக் கொள்ளும் என்பதை வரவில் சேர்க்கவே வேண்டாம். பிரிட்டனில் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு அனுமதியில்லை. வேலை கிடைப்பதும் நிச்சயமில்லை.

கல்லாவிலிருந்து எடுத்து அனுப்பும் பழக்கம் மிக ஆபத்தானது. சரக்குக்காரருக்குத் தர வேண்டிய பணம் அதில் கலந்திருக்கிறது. பங்காளி இருந்தால் அவர் பணமும் இருக்கிறது. வீட்டில் அடுத்துப் படிக்க வேண்டிய தங்கையின் பங்கும் இருக்கிறது. படிப்புக்குத் தனி வங்கிக் கணக்கும் தனிப் பேரேடும் வேண்டும். அப்படிச் சேர்த்த பணம் நிஸாபை அடைந்து ஒரு வருஷம் கையிலிருந்தால் ஜகாத்து உண்டா என்பதை ஆலிம்களிடம் கேட்டு, அதற்கும் ஒரு வரி விட்டு வையுங்கள்.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கே. ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் படிப்புக்கு எடுக்க வழியுண்டு. சந்தா கட்டாத கடை முதலாளிக்கு அங்கே எடுக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி கழிவு உண்டு. வட்டிக் கடன் வாங்கி அனுப்புவது பற்றி நம் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆறு மாதத்து வாழ்க்கைச் செலவையும், திரும்பி வர ஒரு விமானச் சீட்டுக்கான பணத்தையும் பேரேட்டின் கடைசியில் தனியே எழுதி, எது வந்தாலும் தொடாமல் வைக்க வேண்டும். தகப்பனார் நோயில் விழுந்தாரென்று செய்தி போனால், கடையில் சீட்டுக்குப் பணம் புரட்டும் வரை பிள்ளை அங்கே காத்திருக்க முடியாது.