மணி பிளான்ட்டுக்கு ஒரு கொழுகொம்பு

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் மணி பிளான்ட் இரண்டு ஆள் நீளத்துக்குத் தொங்குகிறது. ஆனால் இலை வரவரச் சிறுத்துப்போகிறது. சில மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: வெற்றிலைக் கொடிக்கால் ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! அங்கே கொடியை அகத்தியில் ஏற்றிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மணி பிளான்ட்டும் அந்த ஜாதிக் குணம்தான். பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்து மூரேயா தீவில் மரமேறி வளர்ந்த கொடி அது. ஏறினால் இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். உரத்தைக் கொட்டிப் பயனில்லை. தென்னை நார் சுற்றிய குச்சியைத் தொட்டியில் நட்டு, கணு வேர்கள் நாரைத் தொடும்படி கட்டுங்கள். நார் காயாமல் தண்ணீர் தெளியுங்கள்.

மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் அதிகத் தண்ணீர். விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஜன்னல் வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. வெற்றிலை ஜாடை என்று குழந்தைகள் மென்றுவிடப் போகிறார்கள், கவனம். இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நாக்கை எரித்துவிடும்.

அதிக நீளத்தைக் கணுவோடு வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டால் வேர்விடும். திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பார்கள். அக்கம்பக்கத்தார் கை வைக்குமுன் நீங்களே கொடுத்துவிடுங்கள்.